எத்தனை தரம் குனிகிறீர்கள்?

என் இடது காலின் பெருவிரல் இப்போதும் சரியாக மேலே எழும்பாது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஷெல் பட்டதோ?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலை இழுத்து நடந்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்தது என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் நம்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

என் பெயர் தெய்வானை. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரரின் வரிசை வீட்டில், பிறந்தேன். கலவரத்தின்போது அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார். அதனால் எனக்கு இரண்டு தமிழ் வரும். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. படிப்பு ஏழாம் வகுப்பு வரை. ஆஸ்பத்திரியில் தற்காலிக அற்றென்டனாக வேலை. தற்காலிகம் என்றால், நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் வராமல் இருக்கவேண்டியதுதான்.

சண்டை நெருங்கி வந்து கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிளம்பியபோது ஆஸ்பத்திரியும் கிளம்பியது. காட்டோரம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தது. வகுப்பறைகள்தான் வாட்டுகள். கொண்டுவர முடிந்த கட்டில்கள் கொஞ்சம். மிச்சப் பேர் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்தார்கள். காயக்காரர், மலேரியாக்காரர், பிள்ளை பெற வந்தவர்கள், எல்லோரும். அவர்களை எழுப்பி இருத்துவது, புரட்டுவது, துடைப்பது, பெட்பான் வைப்பது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி விறாந்தைப் படிகளால் இறக்கி அடுத்த கட்டிடத்துக்குக் கொண்டுபோவது, கிணற்றிலிருந்து தண்ணீர் வாளி சுமப்பது, இவையெல்லாம் எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் யோகமக்காவும். அவர் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். பூநகரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். புருசனுக்கு நெஞ்சு வருத்தம், வீட்டில் உழைப்பது அவர் ஒருவர்தான். உயரமானவர் என்பதால் தலைமாட்டை அவர் பிடிப்பார், நான் கால்மாடு. இரண்டு வருடம் அப்படித் தூக்கினோம். ஒருவர் கண்ணை மற்றவர் பார்த்தால் போதும், ஆள் மேலே வந்துவிடும்.

எனக்கு நோவு தொடங்கியது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இடது பக்க இடுப்பில் கொழுவிப் பிடித்ததுபோல ஒன்று வரும், நிமிர்ந்து நின்றால் போகும். பிறகு நிமிர்ந்தாலும் போகவில்லை. தொடையின் பின்பக்கத்தால் இறங்கிக் கெண்டைக்கால் வரை வந்தது. எண்ணெய் பூசினேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், தூக்க ஏலாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள் என்ற பயம்.

ஒருநாள் காலை, சீனி வருத்தத்தில் கால் அழுகி வந்த ஓர் அம்மாவைப் பாயிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினோம். பாரமான ஆள். பாதி தூக்கியபோது பயத்தில் அவர் ஒரு பக்கம் சரிந்தார். விழவிடாமல் நான் திரும்பிப் பிடித்தேன். இடுப்புக்குள் ஏதோ விலகியது. கரண்ட் அடித்ததுபோல ஒன்று பாதம் வரை ஓடியது. அவரை மெல்ல இறக்கி வைத்தது நினைவிருக்கிறது. பிறகு அவருக்குப் பக்கத்தில், அதே பாயில், நானும் படுத்திருந்தேன்.

"தெய்வானை, எழும்பு. சிஸ்ரர் வாறா" என்றார் யோகமக்கா.

"ஏலாதக்கா."

"விளையாடாதை."

"ஏலாது."

அந்த அம்மா தன் நோவை மறந்துவிட்டு என் தலையைத் தடவினார். "என்னாலைதானே பிள்ளை" என்று அழுதார்.

ஆஸ்பத்திரிக்கு அப்போது ஒரு டொக்டர்தான். மத்தியானம் ஆனபிறகே என்னிடம் வந்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடிக்காமல் என் இடது காலை மெல்ல உயர்த்தினார். ஒரு முழம் உயர்வதற்குள் கத்திவிட்டேன். பெருவிரலை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, "மேலை தூக்கும்" என்றார். நான் தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல் அசையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் முதல் பயம் வந்தது. நோவுக்கு நான் பயப்பட்டதில்லை. சொன்னதைக் கேட்காத விரலுக்குப் பயந்தேன்.

எக்ஸ்ரே எடுக்க ஜெனரேட்டர் ஓடவேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் கிடைக்காத காலம். ஒப்பரேஷன் நடக்கும் நேரத்தில்தான் ஜெனரேட்டரைப் போடுவார்கள், அப்போது எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மறுநாள் முழுவதும் விறாந்தையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். எத்தனையோ பேரை அதே இடத்தில் விட்டுவிட்டு, "இப்ப வந்திடுவன்" என்று சொல்லிப் போயிருக்கிறேன். அந்த 'இப்ப' எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கூரை ஓட்டில் உடைசல்களை எண்ணினேன். முடிந்ததும் திரும்ப எண்ணினேன்.

படத்தில் எலும்பெல்லாம் சரியாக இருந்தது. டொக்டர் இரண்டு கைகளையும் பொத்தி, நடுவில் ஒரு பஞ்சுருண்டையை வைத்துக் காட்டினார். "இது முள்ளந்தண்டு எலும்புகள். இடையிலை இருக்கிறது டிஸ்க், மெத்தை மாதிரி. குனிஞ்சு பாரம் தூக்கத் தூக்க அது பின்பக்கம் பிதுங்கும்." கைகளை முன்பக்கமாக நெருக்கினார். பஞ்சு பின்னால் வெளியே வந்தது. "பிதுங்கினது காலுக்குப் போற நரம்பிலை முட்டுது. எக்ஸ்ரேயிலை தெரியாது. அதைக் காட்டுற மெஷின் கொழும்பிலைதான் இருக்கு."

"சுகம் வருமோ ஐயா?"

"கனபேருக்குப் படுத்தாலே சுகம் வரும். ஆனா ஒண்டு. சலம், மூத்திரம் போகாமல் நிண்டால், இல்லாட்டி பின்பக்கம் விறைச்சால், உடனை சொல்லும். அது வேறை நரம்பு. அப்பிடி வந்தால் காத்திருக்கேலாது, வெட்டவேணும். வவுனியாவுக்கு அனுப்பி, அங்காலை அனுப்புவினம்."

சண்டை எல்லையைத் தாண்டி வவுனியாவுக்குப் போகப் பாஸ், அனுமதிச் சீட்டு, வேண்டும். பாஸ் கிடைக்க எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாஸுக்குக் காத்திருந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

இறுக்கமான படுக்கை வேண்டும் என்றார். எங்கள் கட்டில்கள் எல்லாம் நடுவில் தொய்ந்தவை. யோகமக்கா சுவரிலிருந்த கரும்பலகையைக் கழற்றிக் கட்டிலின் மேல் போட்டு, பெட்ஷீட்டை விரித்தார். யாரோ பிள்ளைகளுக்கு எழுதிய வாய்ப்பாடு அதில் பாதி அழியாமல் இருந்தது. ஆறாம் வாய்ப்பாட்டின் மேல் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், கிடந்தேன். காலில் பட்டி கட்டி, மறுமுனையில் மணல் நிரப்பிய பையைக் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்துக்கு மேலால் தொங்கவிட்டார்கள். எலும்புகளைச் சற்று இழுத்து நரம்புக்கு இடம் விடுவதற்காம். வலி மாத்திரை தட்டுப்பாடு. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நடுவில் வருகிற நேரத்தைப் பல்லைக் கடித்துக் கழிக்கவேண்டும்.

என் வீட்டுக்காரர் இராமையா ஒவ்வொரு நாளும் மத்தியானம் சைக்கிளில் வருவார். மகள் சுட்டுக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் இலையில் சுற்றி வரும். அவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் என் தலையைப் பார்த்து, "என்னா புள்ள, எத்தன நாளாச்சு தலைக்குத் தண்ணி ஊத்தி?" என்றார். மணல் பையைக் கழற்றி, என்னைக் குறுக்காக நகர்த்தி, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து, கீழே பேசின் வைத்து, அவ்வளவு சனம் பார்க்க என் முடியை அலசிவிட்டார். "எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். "பாக்கட்டும்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஐந்து கிழமையில் நோவு இல்லாமல் கழிந்த நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு கயிற்றால் கட்டிலின் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். எதற்கென்று சொல்லவில்லை.

பத்தாவது நாள் விடிந்தபோது எனக்குச் சலம் போகவில்லை.

அடிவயிறு கல்லாக இருந்தது. டொக்டர் ஊசி முனையால் பின்பக்கம் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சில இடத்தில் தெரிந்ததுபோலவும் தெரியாததுபோலவும் இருந்தது. பயத்தில் எது உண்மை என்று எனக்கே விளங்கவில்லை. "மத்தியானம் வரைக்கும் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, பாஸுக்கு எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்கு மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயது. ரொட்டி சுடத் தெரியும், வேறென்ன தெரியும்?

யோகமக்கா பெட்பானோடு வந்தார். சுற்றிவர இரண்டு சேலையைக் கட்டி மறைத்தார். "உனக்கு நரம்பு ஒண்டும் போகேல்லை. வெக்கம்தான். இத்தினை வரியமாய் மற்றவைக்கு வைச்சுப்போட்டு, இப்ப உனக்கு வைக்கக் கூச்சம்" என்றார். ஒரு கையை என் இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தனியாகத் தூக்கி, மற்றக் கையால் பெட்பானை வைத்தார். எனக்குச் சத்தம் கேட்கும்படி செம்பிலிருந்து பேசினுக்குள் மெல்லத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார். முதல் செம்பு முடிந்தது. இரண்டாவது செம்பு பாதியில் எனக்குப் போனது. இரண்டு பேரும் சிரித்தோம், நான் அழுதுகொண்டு.

பெட்பானை எடுக்கத் திரும்ப என்னைத் தூக்கியபோது, அவர் மூச்சு நடுவில் நின்றது. ஒரு சின்ன "ஸ்". பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நிமிர்வு எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதம் நான் அப்படித்தான் நிமிர்ந்தேன்.

"அக்கா, எத்தினை நாளா?"

"என்ன எத்தினை நாளா?"

"எனக்குப் பொய் சொல்லாதேங்கோ."

அவர் சேலை மறைப்பைக் கழற்றினார். "நீ விழுந்த நாளிலை இருந்து எல்லாம் நான்தானே. பாதமும் இடைக்கிடை விறைக்குது. வாயைத் திறந்திடாதை. என்னை நிப்பாட்டிப்போடுவினம்."

ஓம் என்று தலையாட்டினேன்.

ஒரு நிவாரண நிறுவனத்திலிருந்து பிசியோ மிஸ் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வருவார். கால் இழந்தவர்களுக்கு நடைபழக்க வருபவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். பாதத்தை அசைக்கும் பயிற்சி எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தபோது, "நீங்கள் ஒரு நாளைக்கு எத்தினை தரம் குனியிறனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதை ஆர் மிஸ் எண்ணுறது?"

"நீங்கள்தான் சும்மா கிடக்கிறியளே. அவ குனியிறதை எண்ணுங்கோ" என்று யோகமக்காவைக் காட்டினார்.

அப்படித்தான் அது தொடங்கியது. சோக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். யோகமக்கா ஒரு தரம் இடுப்பை வளைத்தால் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு. ஆளைத் தூக்கினால் பெரிய கோடு. மத்தியானத்துக்குள் என் கைக்கு எட்டிய ஓரம் நிரம்பிவிட்டது. நூறைத் தாண்டியபிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டு வருடம் அதையே செய்தவள் நான். ஆனால் கோடாகப் பார்த்தபோது ஏதோ வேறொரு பெண்ணின் வேலைபோல இருந்தது. இந்த வேலையை ஒரு மாட்டிடம் வாங்கினாலும் இடையில் ஓய்வு கொடுப்பார்கள் என்று தோன்றியது.

அடுத்த முறை மிஸ் வந்தபோது காலை முழுவதும் வாட்டிலேயே நின்றார். தையல்காரரின் டேப்பால் நிலத்திலிருந்து கட்டில் உயரம், வாங்குப் பலகையின் உயரம், படியின் உயரம், கிணற்றடித் தூரம் எல்லாம் அளந்து கொப்பியில் எழுதினார். என்னத்தைத் தூக்குகிறோம் என்பதோடு அவர் விடவில்லை. எவ்வளவு கீழேயிருந்து, உடம்புக்குக் கிட்டவா எட்டவா, திரும்பிக்கொண்டா நேராகவா, ஒரு ஆளா இரண்டு ஆளா, மூச்சுவிட நேரம் இருக்கிறதா என்று கேட்டார். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்ரரிடம் ஒரு தண்ணீர் வாளியைக் கொடுத்து வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். சிஸ்ரர் உடனே கீழே வைத்துவிட்டார்.

"அதே வாளிதான் சிஸ்ரர். நிலத்திலை கிடக்கிற ஆளைத் தூக்கேக்கை இவைக்கு எப்பவும் கை நீட்டினபடிதான்."

சிஸ்ரர் களைத்துப்போன மனுசி. பிள்ளைகளை விட்டுவிட்டு வாட்டிலேயே தங்கியிருந்தவர். "எழுதுங்கோ மிஸ். எழுதிப்போட்டு நீங்கள் போயிடுவியள். ஆக்களுக்கு நான் எங்கை போறது?" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

மிஸ் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப வேலை செய்யிறவையிலை ஆருக்கும் நோவு இருக்கோ?" என்று கேட்டார்.

யோகமக்கா என்னைப் பார்த்தார். ஒரு கையால் வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது பாதத்தை நிலத்தில் முழுதாக வைக்கவில்லை. எனக்கு அந்தப் பாதம்தான் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு பாரமான ஆள், அவ்வளவுதான். பிறகு பாஸ், வவுனியா, அங்கால்.

"யோகமக்காவுக்கு இருக்கு மிஸ்" என்றேன். "பாதம் விறைக்குதாம்."

டொக்டர் அன்றைக்கே அவரைப் பரிசோதித்தார். தூக்கக்கூடாது என்று எழுதினார். தூக்காத வேலை தற்காலிகக்காரருக்கு இல்லை என்று கந்தோரில், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சொன்னார்கள். சுகமானபிறகு வரட்டுமாம். யோகமக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு என் கட்டிலைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு என்னைப் பார்க்கவும் வரவில்லை. அந்த நாட்களில் கால் நோவு குறைந்துகொண்டுதான் வந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

இரண்டு பேரும் இல்லாமல் போனதால்தான் ஏதாவது செய்தார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட மேசைகளைச் சேர்த்துப் பலகை போட்டு, எழும்ப ஏலாதவர்களை எல்லாம் நிலத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். தடித்த துணியில் இரண்டு பக்கமும் கை பிடிக்கத் தைத்து, நோயாளியோடு வந்த சொந்தக்காரரையும் சேர்த்து நாலு மூலைக்கு நாலு பேர் பிடிக்கப் பழக்கினார் மிஸ். ஒருவர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்லவேண்டும். முதல் நாள் மூன்றாவது மூலையை சிஸ்ரரே பிடித்தார். வாளி பாதிதான் நிரப்பவேண்டும் என்றார்கள். படிகளுக்கு மேல் மண் கொட்டிச் சரிவு அமைத்தார்கள். முதல் மழைக்கே அது கரைந்துபோனது. திரும்பக் கொட்டினார்கள், திரும்பக் கரைந்தது. புதிய ஆட்கள் வரவேயில்லை.

ஐந்தாம் கிழமை முடிவில் என்னை எழுப்பி நிற்கவைத்தார்கள். தலை சுற்றியது. கதிரையைப் பிடித்துப் பத்தடி நடந்தேன். நோவு கெண்டைக்காலோடு நின்றுவிட்டது, விரல் மட்டும் எழும்பவில்லை. அது வந்தாலும் வரும், வராமலும் விடும் என்றார் டொக்டர். ட்ரக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். குடிசைக்குள் பனம் பலகையால் செய்த கட்டில் ஒன்று இருந்தது. காலைத் தொங்கப்போட்டு இருந்தால் பாதம் சரியாக நிலத்தில் பட்டது. அப்போதுதான் அந்தக் கயிறு எதற்கென்று விளங்கியது. இராமையா வாசலில் நின்று, "கட்டில் ஆடுதா?" என்று மட்டும் கேட்டார். ஆடவில்லை.

இரண்டு மாதம் கழிந்து ஒரு காலையில் யோகமக்கா வந்தார். நடந்து வந்திருந்தார். சைக்கிளை விற்றுவிட்டாராம். கதிரையை இழுத்துப் போட்டேன். மகள் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"கால் எப்பிடி?" என்றார்.

"விரல் எழும்பேல்லை. உங்களுக்கு?"

"விறைப்பு போயிட்டுது." கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நீ சொன்னது பிழையெண்டு சொல்ல நான் வரேல்லை. சொல்லாட்டி நானும் கிடந்திருப்பன். ஆனா என்னட்டை ஒருக்கால் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாம், தெய்வானை. எல்லாருக்கும் முன்னாலை, என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாய்."

"கேட்டிருந்தா ஓமெண்டிருப்பியளோ?"

"மாட்டன்."

ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, "எண்டாலும் கேட்டிருக்கலாம்" என்றார்.

"மன்னியுங்கோ அக்கா" என்றேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மிஸ் கந்தோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் என்றும், துணி மடிக்கவும் நோயாளிகளின் பெயர்த் துண்டு எழுதவும் இரண்டு பேரை எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். தூக்குகிற வேலை இல்லையாம். பிறகு வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்று எழும்பினார்.

இராமையா பின்பக்கம் வேலி கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "என்னா சொல்லிட்டுப் போறாங்க?" என்றார்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குச் சேந்து நடந்து போவோம்னு சொன்னாங்க" என்றேன்.